ஆறு வீட்டுச் சுவரும் போர்டு பீரோவும்

மரியம் பீவி வீட்டுப் பின்சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் ரயில்வே சிக்னல் தெரியும். சிக்னல் கை இறங்கிவிட்டதா என்று பார்த்து அவள் குரல் கொடுத்த பிறகுதான் அவள் புருஷன் உமர் பாரூக் துணி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார். அவர் ஒரு நாள்கூட வண்டியைத் தவறவிட்டது கிடையாது. விரிசலால் விளைந்த நன்மை அந்த ஒன்றுதான். மற்றபடி அதன் வழியாக உள்ளே வந்தவை காற்று, மழைத் தண்ணீர், தேள், அப்புறம் ஒரு முறை எருமையின் கொம்பு.

ஊர் நெல்லிப்பேட்டை. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், பாசஞ்சர் வண்டி மட்டும் மனமிரங்கி நிற்கிற ஊர். வருஷம் ஐம்பத்தாறு. மரியம் பீவி குடியிருந்த இடத்துக்கு ஆறு வீட்டு லைன் என்று பெயர். ஒரே ஓட்டுக் கூரை, ஒரே நீளமான மண் சுவர், குறுக்கே தடுப்பு வைத்து ஆறு குடித்தனம். சொந்தக்காரர் புண்ணாக்கு மண்டி மணவாளன். பஞ்சாயத்து போர்டில் மெம்பர். சுவரைப் பற்றி யார் போய்ச் சொன்னாலும் மழை முடியட்டும் என்பார். மழை முடிந்த பிறகு போய்க் கேட்டால், இப்போதுதான் மழை இல்லையே என்பார். ஏழு வருஷத்தை இந்த இரண்டு பதிலிலேயே ஓட்டிவிட்டார் மனுஷன். மூன்றாவதாக ஒன்றை யோசிக்கிற தொந்தரவை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

மரியம் பீவியும் ஏழு வருஷம் பொறுத்துத்தான் போனாள். அந்த ஆடி மாசம் சம்பந்தியம்மா வந்து போனதோடு பொறுமை தீர்ந்தது. மகள் பரீதாவை ஆரணியில் கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம், ஐப்பசிக் கடைசியில் நாள். தாய்வீட்டுக்கு அழைத்து வந்து பார்ப்பதுதான் முறை. அதைப் பேசத்தான் மாப்பிள்ளையின் தாயார் கமர் நிஷா வந்திருந்தாள். பேசிக்கொண்டே விரிசலைப் பார்த்தாள். ஒரு விரலை விட்டாள். பிறகு நாலு விரல். பிறகு வளையல் வரைக்கும் கையையே விட்டாள். கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தப்பா நெனைச்சிக்காதீங்க சம்பந்தி. புள்ள பெத்துக்கத்தான் பொண்ண அனுப்புறேன், பொதைக்க அனுப்பல. சொவுத்தக் கட்டுங்க, அடுத்த வண்டியிலயே அனுப்பறேன்."

மரியம் பீவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில் அவள் யாரிடமும் இப்படி ஒரு வார்த்தை வாங்கியதில்லை. தலைச்சன் பிள்ளையைப் பெற மகள் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால் ஆரணியிலிருந்து பழவேற்காடு வரைக்கும் சொந்தக்காரர்கள் வாயில் அவள்தான் வெற்றிலைபாக்கு. அதைவிட, மகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதே என்ற துக்கம் பெரிதாக இருந்தது. சம்பந்தி போன கையோடு அடுத்த வீட்டு மோசஸிடம் போய் உட்கார்ந்தாள்.

மோசஸ் ரயில்வேயில் தண்டவாளம் செப்பனிடுகிற கேங் கூலி. எட்டாவது வரை படித்தவன் என்பதால் லைனுக்கு அவன்தான் வக்கீல். பஞ்சாயத்து போர்டுக்கு ஒரு மனு எழுதினான். இடிகிற மாதிரி இருக்கிற வீட்டை ரிப்பேர் செய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு உத்தரவு போடப் போர்டுக்கு அதிகாரம் உண்டு என்று அவன் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். ஆறு வீடும் கைநாட்டு வைத்தது. ஆச்சரியம் என்னவென்றால் மனுவுக்குப் பதிலும் வந்தது. வருகிற புதன்கிழமை ஓவர்சியர் நேரில் வந்து சுவரைப் பார்வையிடுவார்.

இங்கேதான் புத்தி பிசகியது. ஆபீசர் வருகிறார் என்ற செய்தி கேட்டதும் லைனில் இருந்த ஆறு பெண்களுக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியது: வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? எதற்கு வருகிறார் என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. மரியம் பீவிதான் தலைமை. செவ்வாய்க்கிழமை பூராவும் வேலை நடந்தது. விரிசலில் ஓட்டுச் சில்லையும் கோணிச் சாக்கையும் திணித்து, மேலே செம்மண்ணைக் குழைத்துப் பூசி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார்கள். மோசஸின் பெண்டாட்டி ஞானம்மா சுவரை ஒட்டி ஜமுக்காளம் விரித்தாள். கடைசி வீட்டுக் குப்பம்மாள் ஆறு வாசலுக்கும் சேர்த்து ஒரே கோலமாகப் போட்டாள். மரியம் பீவி சேமியா பாயசம் காய்ச்சினாள்.

ஓவர்சியர் பாக்கியநாதன் குடையும் கையுமாக வந்தார். ஒல்லியான மனுஷர். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. டியூட்டி நேரத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கண்ணால் பார்த்ததை எழுதுவார், காதால் கேட்டதை எழுத மாட்டார். பாயசத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். மரியம் பீவி விரிசலைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார். பளிச்சென்று வெள்ளையாக நின்றது. தட்டிப் பார்த்தார், இரண்டு கை சுண்ணாம்பின் தயவில் கெட்டியாகத்தான் கேட்டது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ரிப்போர்ட்டின் நகல் பத்து நாளில் வந்தது. மோசஸ் படித்தான். சுவர் உறுதியாகவும் சுத்தமாகவும் உள்ளது, ரிப்பேர் தேவையில்லை, குடியிருப்போர் வீட்டைப் பராமரிக்கும் முறை பாராட்டத்தக்கது. பாராட்டு என்றதும் மரியம் பீவிக்கு ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. மணவாளன் அந்த ரிப்போர்ட்டை மண்டியில் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்.

மறுபடி மனு. மறுபடி பாக்கியநாதன் வருகிறார் என்று தகவல். இந்தத் தடவை லைன் உஷாராகிவிட்டது. பூசிய மண்ணை எல்லாம் சுரண்டி எடுப்பது என்று முடிவாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன் வீட்டுச் சுவர்தான் எல்லாவற்றிலும் மோசம் என்று காட்டுவதில் ஆறு பேருக்கும் போட்டி வந்துவிட்டது. ஞானம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். குப்பம்மாள் அடியில் இருந்த கல்லில் நாலைப் பெயர்த்தாள். மரியம் பீவி மட்டும் சும்மா இருப்பாளா? மோசஸின் கடப்பாரையை வாங்கி விரிசலில் விட்டு நெம்பினாள். சுவர் ஒரு முனகல் முனகியது. அவள் பயந்துபோய்க் கடப்பாரையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பாக்கியநாதன் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கைக்குக் கீழே சுவர் நகர்ந்தது. குடையை எடுத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் தெருவுக்கு வந்து நின்று, நின்ற வாக்கிலேயே எழுதினார். சாயங்காலமே நோட்டீஸ் வந்து கதவில் ஒட்டப்பட்டது. கட்டடம் மனிதர் வாழ லாயக்கற்றது. குடியிருப்போர் மூன்று நாளில் காலி செய்ய வேண்டும்.

மணவாளன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். தனக்கு மனசே கேட்கவில்லை என்றார். போர்டு சொன்ன பிறகு தான் என்ன செய்ய முடியும் என்றார். சுவரை இடித்துவிட்டுப் புண்ணாக்கு குடோன் கட்டுவதற்கு அங்குலக் கயிறோடு மேஸ்திரியைக் கூடவே கூட்டி வந்திருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்த லைனைக் காலி செய்ய அவர் பல வருஷமாக வழி தேடிக்கொண்டிருந்தார். வாடகைச் சட்டம் குறுக்கே நின்றது. இப்போது அவர் ஒரு விரலைக்கூட அசைக்காமல் குடித்தனக்காரர்களே கடப்பாரையால் வழி பண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் தலை மறைந்ததும் லைன் முழுக்க மரியம் பீவி மேல் பாய்ந்தது. குப்பம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஓட்ட சொவுரா இருந்தாலும் ஒரு ஊடுன்னு இருந்திச்சி பாயம்மா. ஒம்பொண்ணு ஒருத்தி புள்ள பெக்கறதுக்காவ ஆறு குடும்பத்த ரோட்ல நிறுத்திட்டியே."

அவள் எடுத்த நாலு கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. மரியம் பீவிக்கே குப்பம்மாள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய் மூலையில் உட்கார்ந்து அழுதாள். உமர் பாரூக் சாதுவான மனுஷர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழாதே என்று சொல்வதற்குப் பதிலாக அவரும் கொஞ்சம் அழுதார். அப்புறம் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, மோசஸைக் கூப்பிட்டு நோட்டீசைத் தலையிலிருந்து கால் வரைக்கும் படிக்கச் சொன்னாள்.

கடைசி வரி வரைக்கும் அதுவரை யாரும் படிக்கவில்லை, எழுதிய குமாஸ்தா உட்பட. பாழடைந்த வீட்டுக்கென்று தனி நோட்டீஸ் பாரம் போர்டிடம் கிடையாது. அதனால் வெள்ளக் காலத்துக்காக அச்சடித்து மிஞ்சிக் கிடந்த பாரத்தில் பெயரை மாற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். அதில் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: வீடு சீராகும் வரை குடியிருப்போர் தங்குவதற்குத் தகுந்த இடத்தைப் போர்டே அளிக்கும்.

"ரப்பர் ஸ்டாம்பு கீதா?" என்று கேட்டாள் மரியம் பீவி.

"கீது. கையெழுத்தும் கீது."

மறுநாள் காலை ஆறு குடும்பமும் சட்டி பானையோடு போர்டு ஆபீஸ் வாசலில் நின்றது. எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் கோபால் நோட்டீசை மூன்று முறை படித்துவிட்டு, குமாஸ்தாவை உள்ளே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். வெளியே வரும்போது குமாஸ்தாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. பிறகு கோபால் பெரிய மனசோடு மாட்டுப் பட்டியை ஒதுக்கினார். ஊரில் மேயும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம் அது. இப்போதைக்கு மூன்றே மாடுதான் இருக்கிறது, தாராளமாக இருக்கலாம் என்றார்.

மரியம் பீவி சண்டை போடவில்லை. தகுந்த இடம் என்று எழுதியிருக்கிறதே, தகுந்ததா இல்லையா என்று ஓவர்சியர் பார்த்துச் சொல்லிவிடட்டும் என்றாள். அதில் தப்பு சொல்ல கோபாலுக்கு ஒன்றும் இல்லை. தன் ஓவர்சியர் எப்பேர்ப்பட்டவர் என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்துவிட்டார். பாக்கியநாதன் பட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: மனிதர் வாழ லாயக்கற்றது. மாடும் வாழ லாயக்கற்றது என்று கேட்காமலே இன்னொரு வரியும் சேர்த்தார்.

அடுத்தது சந்தைக் கொட்டகை. தூண் இரண்டில் கரையான், லாயக்கற்றது. அதற்கடுத்தது பழைய மண்ணெண்ணெய் டெப்போ. லாயக்கற்றது. கோபால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். போர்டுக்குச் சொந்தமாக ஊரில் வேறு கட்டடம் எதுவும் இல்லை என்றார்.

"இது யாருதுங்க?" என்று நின்ற இடத்தைக் காட்டிக் கேட்டாள் மரியம் பீவி.

பாக்கியநாதன், கேள்வி தனக்குத்தான் என்று நினைத்து, மேலும் கீழும் பார்த்தார். செங்கல் சுவர், தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, ஒழுக்கில்லை, முதல் தரம் என்றார். சொல்லிவிட்டு, கோபால் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருக்கும்போதே, பழக்க தோஷத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அன்றைக்கே போர்டு மீட்டிங் ஹாலில் ஆறு குடும்பம் குடியேறியது. பின்பக்கத் தோட்டத்தில் ஆறு அடுப்பு எரிந்தது. கொடிக்கம்பத்திலிருந்து வேப்பமரம் வரைக்கும் துணி காய்ந்தது. கோபாலின் மேஜை வராந்தாவுக்கு நகர்ந்தது. அவர் எந்த உத்தரவை எழுத உட்கார்ந்தாலும் ஞானம்மா தாளிக்கிற கடுகு அவர் மூக்கில்தான் வெடித்தது. ராத்திரி படுக்கிறவர்கள் கதவைப் பூட்டித் திறக்க வேண்டியிருந்ததால் ஹால் சாவி மரியம் பீவியின் முந்தானை முடிச்சுக்குப் போயிற்று.

மணவாளன் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று கோபாலிடம் சொன்னார். ஆறு குடும்பம் ஒரே ஹாலில் இருந்தால் அதுவே அடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பிரிந்து போய்விடும், அப்புறம் சுவராவது ரிப்பேராவது என்றார். ரிப்பேர் உத்தரவு ஒன்று பேருக்கு எழுதப்பட்டு, தேதி போடாமல் மேஜைக்குள் கிடந்தது.

அவர் கணக்கு தப்பில்லை. எட்டாம் நாளே குப்பம்மாள் திருவள்ளூரில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டினாள். இன்னொரு வீடும் யோசித்தது. மரியம் பீவியும் கணக்குப் போட்டாள். இவர்கள் போனால் லைன் போயிற்று, லைன் போனால் மகளுக்குத் தாய்வீடு என்று ஒன்று கிடையாது. ஆரணியிலிருந்து வேறு ஆள் வந்து, சம்பந்தியம்மா என்ன முடிவு என்று கேட்கச் சொன்னாள் என்றது. மரியம் பீவி ஒரு நாள் பூராவும் சோறு இறங்காமல் கிடந்தாள். மறுநாள் விடிந்ததும் குளித்து, நல்ல சேலை கட்டி, வண்டி ஏறி ஆரணிக்குப் போனாள்.

கமர் நிஷாவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சுவர் இல்லை, வீடும் இல்லை, இருக்கிற இடம் இதுதான் என்றாள். அந்த அம்மாள் குறைப்படுவாள் என்று பயந்தாள். கமர் நிஷா கேட்டதோ ஒரே கேள்வி, அந்த ஆபீஸ் சுவர் எத்தனை கனம்? ஒன்றரை அடி என்றதும் மருமகளின் துணிமணியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

பரீதா நிறைமாச வயிற்றோடு ஹாலுக்குள் காலை வைத்ததும் குப்பம்மாள் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு எங்கே போவது என்றாள். திட்டினாலும் அவள் அப்படித்தான். பெண்கள் எல்லோரும் சேர்ந்து, ஹாலில் காற்றோட்டமான மூலையாகப் பார்த்து, நாலு சேலையைக் கயிற்றில் கட்டித் திரை போட்டு, பரீதாவுக்குப் பாய் விரித்தார்கள். அந்த மூலையில் போர்டின் இரும்புப் பீரோ இருந்தது. அதுவும் திரைக்குள் போய்விட்டது. தெரிந்துதான் மரியம் பீவி அந்த மூலையைப் பிடித்தாளா என்று பிற்பாடு ஊரில் பெரிய சர்ச்சை நடந்தது. காற்று அங்கேதான் வருகிறது என்பதைத் தவிர அவள் வேறு ஒன்றும் சொன்னதில்லை.

மறுநாள் குமாஸ்தா வரி ரிஜிஸ்தர் எடுக்கப் பீரோவிடம் போனான். ஆறு பெண்கள் ஒரே குரலில் அவனை விரட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சி கோஷாவில் இருக்கிறாள், ஆம்பிளை திரைக்குள் வருவதா? கோபால் மரியம் பீவியைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் கேட்டார்.

"எத்தினி நாளைக்கும்மா இந்தத் திரை?"

"புள்ள பொறக்கற வரிக்கும்தாங்க."

"அது எப்போ?"

"மாசக் கடைசியில."

கோபால் மூச்சு விட்டார். மரியம் பீவி மரியாதையாக மீதியையும் சொன்னாள்.

"பொறந்த பின்னால நாப்பது நாளுங்க. எங்கள்ல தாயும் புள்ளையும் நாப்பது நாளு இடம் மாறாது. அதுக்கப்பறம் ஒங்க பீரோ, ஒங்க இஷ்டம்."

கோபால் விரல் விட்டு எண்ணினார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஜில்லா ஆபீசிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் கார்த்திகையில் வருகிறார்கள். ஊரின் பிறப்பு, இறப்பு, வரி, வழக்கு எல்லாம் அந்தப் பீரோவில் இருந்தது. சட்டம் ஏழு வருஷமாக அந்த விரிசலைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பரீதாவின் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தது. மேஜைக்குள் கிடந்த உத்தரவுக்கு அன்றைக்கே தேதி போட்டார் கோபால். இருபத்துநாலு மணி நேரத்தில் வேலை தொடங்க வேண்டும், தவறினால் போர்டே கட்டி வரியோடு சேர்த்து வசூலிக்கும்.

மணவாளன் கொதித்துப்போய் வந்தார். தான் ஒரு மெம்பர், தனக்கே உத்தரவா என்றார். கோபால் அவரை வராந்தாவில் உட்கார வைத்து, ஹாலைக் காட்டி, மண்டி லைசென்ஸ் இந்த மாசக் கடைசியோடு தீர்கிறதே, புதுப்பிக்கிற பைல் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். மணவாளன் எழுந்து போய்த் திரையைப் பார்த்தார். திரைக்கு முன்னால் குப்பம்மாள் அருவாமணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னா மொதலாளி என்று தலையைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நேராகச் சூளைக்குப் போய்ச் செங்கல்லுக்குச் சொன்னார்.

அப்புறம் நடந்த வேகத்தை நெல்லிப்பேட்டை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பழைய மண் சுவர் ஒரே தள்ளில் விழுந்தது. இதன் அடியிலா ஏழு வருஷம் தூங்கினோம் என்றாள் மரியம் பீவி. அஸ்திவாரத்திலிருந்து சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை. பாக்கியநாதன் ஒவ்வொரு வரிசைக்கும் தூக்குக் குண்டைப் பிடித்துப் பார்த்தார். ஒரு வரிசை கோணல் என்று பிரிக்கவும் வைத்தார். மணவாளன் அவரைச் சபித்தார், கோபால் அவசரப்படுத்தினார், பாக்கியநாதன் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் ஓடு மாற்றி முடிந்தது. அந்த வருஷம் மழையும் பெரிய மனசு பண்ணித் தள்ளிப்போயிருந்தது.

ஒரு பகலில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். அதே வீடு, அதே வாடகை. கோபால் அன்று திருவள்ளூரில் மீட்டிங்குக்குப் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட வேண்டும், காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பீரோவைத் திறப்பேன் என்று உத்தரவு போட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

பாக்கியநாதன் கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்தார். பரீதா சுவரோரம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தும் மரியம் பீவிக்கு மனசு ஆறவில்லை. எழுத்தையும் ஸ்டாம்பையும் அவள் இந்த மூன்று மாசத்தில் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டாள். முதல் ரிப்போர்ட்டிலும் ஸ்டாம்பு இருந்ததுதானே.

"ஓவர்சியரய்யா, ரூலு கிடக்கட்டும். ஒரு வார்த்த கேக்குறேன். ஒங்க ஊட்டம்மாவ இந்தச் சொவுத்தாண்ட புள்ள பெத்துக்கப் படுக்க வெப்பீங்களா?"

பாக்கியநாதன் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

"வெப்பேம்மா" என்றார். "இந்த மாதிரி ஒரு சொவுரு கெடைச்சா வெப்பேன். போன மாசம் எனக்குப் பொண்ணு பொறந்தா. பொறந்து முடியற வரிக்கும் நானும் எம் மச்சானும் வெளியே நின்னு சொவுத்தப் புடிச்சிக்கினு இருந்தோம்."

மரியம் பீவி அவர் முகத்தைப் பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். மனு எழுதிப் போட வேண்டியதுதானே என்று கேட்டாள். தன் வீட்டைத் தானே பார்வையிட்டு எழுதக் கூடாது, அது ரூல், போர்டுக்கு வேறு ஓவர்சியர் கிடையாது என்றார். வீட்டுக்காரர் யார் என்று கேட்டாள். எக்ஸிகியூட்டிவ் ஆபீசரின் மாமனார் என்றார். இப்போது குழந்தை எங்கே என்றாள். அங்கேதான், நடு வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறது, மழை வந்தால் இடம் மாற்றுவோம் என்றார். அதையும் ரிப்போர்ட் படிக்கிற குரலிலேயே சொன்னார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊரில் இருக்கிற சுவரையெல்லாம் தட்டிப் பார்க்கிற மனுஷன், தன் பிள்ளையை எந்தச் சுவரடியில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஹால் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மூலையில பாயி கீது, பீரோவ சுத்திக் கட்டுன திரையும் நான் இன்னும் அவுக்கல. தாயையும் புள்ளையையும் இப்பவே அங்க இட்டாந்துடுங்க. ஆபீசரு கேட்டா பாயம்மா இன்னும் காலி பண்ணலன்னு சொல்லிக்கலாம்."

"அது பொய்யாச்சேம்மா."

"ஏன் பொய்யி? எஞ்சட்டி ஒண்ணு அங்க இருந்தா, நான் காலி பண்ணலன்னுதானே அர்த்தம்?"

பாக்கியநாதன் யோசித்தார். எந்த ரூலிலும் அதற்கு எதிராக ஒன்றும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. வெளியே பொட்டுப் பொட்டாகத் தூறல் விழ ஆரம்பித்தது. மரியம் பீவி அடுப்படியிலிருந்து ஒரு மண் சட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போர்டு ஆபீசைப் பார்த்து நடந்தாள். பாக்கியநாதன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் தெருப் பக்கம் ஓடினார். அந்த மனுஷர் ஓடி அந்த ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.